ஏகமனதாக

1

ஜனநாயகம் எதிர்கொள்ளும் சவால்கள் என்ற தலைப்பில் கடந்த நாலைந்து வருஷங்களில் ஏழெட்டுக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். வேலூரில், திருவண்ணாமலையில், இரண்டு முறை சென்னையில். தலைப்பில் ஒரு சொல் முன்னே பின்னே இருக்கும். பேசுகிறவர்கள் மாறுவார்கள், பட்டியல் மாறாது. தேர்தலில் பணம், பெரும்பான்மைவாதம், நீதிமன்றங்களின் தாமதம், பத்திரிகைகளின் பணிவு, கைபேசியில் பரவும் பொய். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, ஏதோ ஒன்று விடுபட்டுப் போயிற்று என்ற உணர்வு இருந்தது. அது என்ன என்று வெகுநாள் பிடிபடவில்லை.

கடைசியாகப் போன கூட்டத்தில் பிடிபட்டது. உரைகள் முடிந்து தலைமை வகித்தவர் ஒரு தீர்மானத்தைப் படித்தார். "யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லையென்றே கருதுகிறேன்" என்றார். இரண்டு வினாடி. அரங்கில் நாற்பது பேர் இருந்திருப்போம். கைதட்டல் எழுந்தது, தீர்மானம் நிறைவேறியது. நானும் கைதட்டினேன். தீர்மானத்தின் மூன்றாவது வாக்கியத்தில் எனக்கு உடன்பாடில்லை. சொல்ல வாய் வரவில்லை. நேரமாகிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், தவிர அவர் என் நண்பர்.

இந்தக் கூட்டங்கள் யாவும் பேச்சைப் பற்றியவை. பேச்சுக்குத் தடை, பேச்சுக்குத் தண்டனை, பேச்சில் கலக்கும் பொய். பேசாமலிருப்பவனைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் எந்தச் சபையிலும் பேசாதவர்களே அதிகம். அவர்களுடைய மௌனத்தின் அர்த்தம் என்ன, அதை நிச்சயிப்பது யார் என்பது ஜனநாயகத்தின் பக்கவாட்டுக் கேள்வி அல்ல, அடிப்படைக் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் எனக்குச் சொந்தமாக ஒரு கடனும் இருக்கிறது. அதனால் சித்தாந்தத்திலிருந்து ஆரம்பிக்காமல் ஜவ்வாது மலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2

ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்துபோக வேண்டிய ஓர் ஊரில், மலைவாழ் குழந்தைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறு வருஷம் வாத்தியாராக இருந்தேன். போளூரிலிருந்தோ செங்கத்திலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு ஜவ்வாது ஒரே மலை. ஏறிப் பார்த்தால் அது குக்கிராமங்களின் சிதறல். ஓர் ஊராட்சி என்றால் ஓர் ஊர் அல்ல. இருபது முப்பது வீடுகள் கொண்ட பல ஊர்கள், இடையில் காடு, ஓடை, மேடு. கிராமசபைக்கு வருவது என்றால் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மலையில் இறங்கி ஏறி வருவது.

இருபது வருஷத்துக்கு முந்தைய ஓர் அக்டோபர் 2. ஊராட்சி எழுத்தருக்குக் காய்ச்சல். தலைவர் ஆள் அனுப்பியிருந்தார்: வாத்தியார் கையெழுத்து நன்றாக இருக்கும், வந்து தீர்மானப் புத்தகம் எழுதித் தரவேண்டும். போனேன். தலைவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; இது வில்லன்கள் இல்லாத சங்கதி.

அன்று ஏழு தீர்மானங்கள். ஐந்தாவது, ஒரு குக்கிராமத்தை ஒட்டிய புறம்போக்கில் சமுதாயக்கூடம் கட்டுவது. பணம் வந்துவிட்டது, மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். அந்தப் புறம்போக்கு அந்த ஊர்க்காரர்களின் சாமைக் களம். மலையில் சமதரை என்பது அரிது. தலைமுறை தலைமுறையாகச் சமன்படுத்தி, சாணம் மெழுகி, அறுவடைக் காலத்தில் சாமைக் கதிரைப் பரப்பி அடித்துத் தூற்றுகிற இடம். அரசாங்கக் கணக்கில் அது களம் என்று எழுதப்பட்டிருக்கவில்லை. புறம்போக்கு என்றே இருந்தது. கட்டிடத்துக்கு வேண்டியதும் சமதரைதான்.

தலைவர் படித்து முடித்து, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். அந்த ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் பின்னால் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தலைவர் ஆறாவது தீர்மானத்துக்குப் போனார். நான் எழுதினேன்: ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

கூட்டம் முடிந்து கையெழுத்து வாங்கும் சமயம். கோரம் காட்ட வேண்டுமே என்று வந்தவர்கள் எல்லோரிடமும் வாங்கிக்கொண்டிருந்தோம். அந்த ஊரைச் சேர்ந்த வயதான அம்மாள் ஒருத்தி, கட்டைவிரலை ஸ்டாம்ப் பேடில் வைக்கும் முன் நிறுத்திக் கேட்டாள்.

"களத்துச் சங்கதி எழுதிட்டீங்களா, வாத்தியாரே?"

"எழுதிட்டேன் ஆயா."

"நாங்க ஒண்ணும் சொல்லலேன்னு எழுதிக்கங்க."

"சரி ஆயா" என்றேன். அவள் கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள். நான் எதையும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் இருப்பதாகவே தோன்றவில்லை. ஆட்சேபணை இல்லை என்பதை அவள் தன் பாஷையில் சொல்கிறாள், அதைத்தான் நான் ஏகமனதாக என்று என் பாஷையில் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்கப் பல வருஷங்கள் ஆயின. ஆட்சேபணை இல்லையென்றால் அதை எழுதச் சொல்ல வேண்டியதே இல்லையே. அவள் கேட்டது வேறு. நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது, தலைவர் முகத்தை நாளைக்கும் பார்க்க வேண்டும், ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். ஆனால் சரி என்றும் சொல்லவில்லை. இந்த இரண்டும் சொல்லாமல் நாங்கள் இங்கே இருந்தோம் என்பது ஒரு செய்தி. அதைப் பதிவு செய்துகொள். அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். எழுதத் தெரியாத ஒருத்தி, எழுதத் தெரிந்தவனிடம், தன் மௌனத்தை மௌனமாகவே எழுதி வைக்கச் சொன்னாள். நான் அதை மொழிபெயர்த்துவிட்டேன்.

3

இந்த மொழிபெயர்ப்புக்கு நம்மிடம் ஒரு பழமொழி தயாராக இருக்கிறது: மௌனம் சம்மதம். வடமொழியிலிருந்து வந்தது. மூலத்தில் மௌனம் சம்மதத்தின் லட்சணம், அதாவது அடையாளம், என்றுதான் இருக்கிறது. அந்த அடையாளம் என்ற சொல்லை வழியில் எங்கோ உதிர்த்துவிட்டோம். அடையாளம் பொய்க்கக்கூடியது, மேகம் மழைக்கு அடையாளம், ஆனால் எல்லா மேகமும் பெய்வதில்லை. அடையாளத்தைச் சமன்பாடாக்கிவிட்டால் பிறகு பொய்க்க வழியில்லை.

இந்தப் பழமொழி எங்கே புழங்குகிறது என்று பார்க்க வேண்டும். பெண் பார்க்க வந்த வீட்டின் கூடத்தில். பெண்ணுக்குச் சம்மதமா என்று யாரோ கேட்கிறார்கள். அவள் தலை குனிகிறாள். மௌனம் சம்மதம் என்று ஒரு பெரியவர் சொல்ல, கூடம் சிரிக்கிறது, தட்டு மாறுகிறது. அவள் பிறகு வாழப்போகிற நாற்பது வருஷத்துக்கு அந்த நிமிஷத்தில் பெரியவர் உரை எழுதிவிட்டார். அங்கே மாப்பிள்ளையின் மௌனத்துக்கு இந்தப் பழமொழியை யாரும் சொல்வதில்லை. அவன் பேசாமலிருந்தால், பையன் யோசிக்கிறான், நாலு நாள் கழித்துச் சொல்லியனுப்புகிறோம் என்பார்கள். ஆக, மௌனத்துக்குத் தானாக ஓர் அர்த்தமும் இல்லை. யாருடைய மௌனம் என்பதைப் பார்த்து, கேட்பவன் அர்த்தம் கொடுக்கிறான். பதில் சொல்வது மாத்திரம் அல்ல, பதில் சொல்லாததற்கு அர்த்தம் கற்பிப்பதும் அதிகாரம்.

ஜவ்வாது மலைக்கு அரசு என்ற ஒன்று காகிதத்தோடு வந்தபோது முதலில் செய்தது இதைத்தான். 1882-ஆம் வருஷத்து மதராஸ் வனச் சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக்கும் முறையை வகுத்தது. இன்ன எல்லைக்குட்பட்ட காட்டை அரசு எடுத்துக்கொள்ளப் போகிறது, இதில் உரிமை கோருகிறவர்கள் இன்ன கெடுவுக்குள் அதிகாரி முன் வந்து சொல்லவேண்டும் என்று அறிவிப்பு வரும். கெடுவுக்குள் கோரப்படாத உரிமை அழிந்துபோகும். சட்டத்தின் பார்வையில் இது நியாயமான ஏற்பாடு. கேட்டோம், கெடு கொடுத்தோம், அவர்கள் பேசவில்லை. காட்டில் மேய்ப்பதும் தேன் எடுப்பதும் கொல்லை திருத்துவதும் கோரிப் பெறவேண்டிய உரிமை என்றே அறியாத ஒருவன், மலையை விட்டு இறங்கி, தனக்குத் தெரியாத ஒரு கச்சேரிக்குப் போய், தன் வாழ்க்கையை விண்ணப்பமாக எழுதித் தரவில்லை. மௌனம் சம்மதம் ஆயிற்று. சம்மதம் வரைபடம் ஆயிற்று. நான் அன்று எழுதிய வார்த்தைக்கு நூற்றிச் சொச்சம் வருஷத்துப் பரம்பரை இருந்தது. பேனா மட்டும்தான் என்னுடையது.

4

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல் எந்தச் சபை நடக்கும்? ஒவ்வொருவர் மனத்தையும் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் தீர்மானம் என்றால் ரோடு போட முடியாது, பள்ளிக்கூடம் கட்ட முடியாது. போலந்து நாட்டு மன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து மறுத்தால் அத்தனை தீர்மானங்களும் செல்லாமல் போகும் என்ற வழக்கம் இருந்தது. 1652-இல் முதன்முதலாகப் பிரயோகிக்கப்பட்டது. ஒரு தனிமனிதனின் மறுப்புக்கு அதற்குமேல் மரியாதை கொடுக்க முடியாது. ஆனால் அந்த ஒரு மறுப்பை அண்டை அரசுகளும் பெரும் பிரபுக்களும் விலைக்கு வாங்கினார்கள். 1791-இல் புதிய அரசியல் சட்டம் அதை ஒழித்தபோது நாடு ஏறக்குறைய கையைவிட்டுப் போயிருந்தது. 1795-இல் முழுதும் போயிற்று. எல்லோரும் இசைந்தால்தான் என்ற விதி, பலவீனனைக் காப்பதாகத் தோன்றிப் பலவானுக்கே பயன்பட்டது.

நம் பக்கத்துப் பெருமையையும் பார்த்துவிடலாம். இந்தக் கூட்டங்களில் யாராவது ஒருவர் உத்திரமேரூரை எடுக்காமல் இருக்கமாட்டார். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் வருஷக் கல்வெட்டுகள். குடவோலை. பெருமைக்குரிய ஆவணம்தான். கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்கு வரமுடியாது என்று கல்லில் வெட்டி வைத்த ஊர். ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட, இறை கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். அது ஒரு பிரம்மதேயத்தின் சபை. அந்த நிலத்தை உழுதவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கல் சொல்லவில்லை. அவர்களை யாரும் கேட்கவே இல்லையாதலால் அவர்கள் மௌனம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது.

அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அரசியலின் அலகாகக் கொள்ள மறுத்தார். கிராமம் குறுகிய பார்வையும் ஜாதியும் குடியிருக்கும் இடம், தனிமனிதனே அலகு என்பது அவர் நிலை. கிராமத்தை வெளியிலிருந்து பார்த்துக் கனவு கண்டவர்கள் அன்று அவரிடம் கோபித்துக்கொண்டார்கள். புளியமரத்தடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை நினைக்கும்போது, அவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரிகிறது. முகத்துக்கு முகம் பார்க்கும் சபையில் பேச்சு சுதந்திரமானது அல்ல. முகங்களுக்குப் பின்னால் நிலமும் கடனும் உறவும் ஜாதியும் நிற்கின்றன. ரகசிய ஓட்டு இதற்கு மாற்றாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அது பேசாமலே பேசும் வழி. 1952-இல் எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் ஒரு மறைப்புக்குப் பின்னால் நின்று தங்கள் மௌனத்தைக் கலைக்காமல் தங்கள் மனத்தைச் சொன்னார்கள். இதன் தார்மீக முக்கியத்துவத்தை நாம் போதுமான அளவு வியந்ததாகத் தெரியவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த அம்மாள் என்னிடம் கேட்டதற்குத் தேர்தல் விதிகளில் இடம் இருந்தது. 1961-ஆம் வருஷத்து விதிகளில் 49-ஓ என்று ஒன்று. வாக்குச்சாவடிக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு, நான் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை என்று ஒருவர் சொன்னால், அதிகாரி அதைப் பதிவேட்டில் குறித்து, பக்கத்தில் அவர் கையெழுத்தையோ கைநாட்டையோ வாங்கவேண்டும். நாங்க ஒண்ணும் சொல்லலேன்னு எழுதிக்கங்க என்பதற்குச் சட்டப்படி ஒரு கட்டம். ஆனால் அங்கே ரகசியம் இல்லை. அதிகாரி முன்னால், ஏஜெண்டுகள் முன்னால் சொல்லவேண்டும். 2013-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குறையைப் பார்த்து, மேற்கண்ட எவரும் இல்லை என்பதற்கு இயந்திரத்தில் ஒரு பொத்தான் வைக்கச் சொன்னது. மௌனத்துக்குப் பொத்தான் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பொத்தானுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்தபடியாக வந்த வேட்பாளர் ஜெயித்தவராவார். எண்ணிக்கொள்வோம், ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளமாட்டோம். இருந்தாலும் எண்ணப்படுவது எண்ணப்படாமல் போவதைவிட மேல். என் தீர்மானப் புத்தகத்தில் அதுகூட இல்லை.

5

ஜெய்பால் சிங் 1946-இல் அதே அரசியல் நிர்ணய சபையில், ஆதிவாசிகளுக்கு ஜனநாயகத்தைக் கற்றுத்தர வேண்டியதில்லை, நீங்கள்தான் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பேசினார். மலையில் இருந்த ஆறு வருஷத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடுவதை நாலைந்து முறை ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். சமவெளிக்காரனுக்கு அது பொறுமையைச் சோதிக்கும். ஒருவர் சொல்வார். நீண்ட நேரம் யாரும் பேசமாட்டார்கள். பீடி பற்றவைப்பார்கள். வேறொருவர் சம்பந்தமில்லாத ஏதோ பழைய சங்கதியைச் சொல்வார். முடிவில்லாமல் எழுந்துபோவார்கள், நாலு நாள் கழித்து மறுபடி கூடுவார்கள். அங்கே மௌனத்துக்கு அர்த்தம் சம்மதம் அல்ல, இன்னும் ஆகவில்லை என்பது. ஒருவன் பேசாமலிருக்கும்வரை விஷயம் திறந்தே இருக்கிறது. ஜெய்பால் சிங் சொன்னதில் உண்மை இருக்கிறது.

ஆனால் முழு உண்மை இல்லை. நான் பார்த்த அந்தக் கூட்டங்களில் பெண்கள் வட்டத்துக்குள் இல்லை. சற்றுத் தள்ளி, வாசல்களில் நின்றார்கள். வயதான அந்த அம்மாளுக்கு ஊர்க் கூட்டத்தில் இடம் கிடையாது. அவளை ஓர் அங்கத்தினராக்கி, பெயரைப் பட்டியலில் சேர்த்து, மலை இறங்கி ஏறி வரச் சொன்னது 1994-ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டம். அந்தச் சட்டம் அவளை உள்ளே அழைத்தது. அதன் புத்தகத்தை எழுதியவன் அவளை வெளியே அனுப்பினான். மரபு நல்லது நவீனம் கெட்டது என்றோ, நேர்மாறாகவோ எழுதிவிட்டால் சுலபம். இங்கே அப்படி எழுத முடியவில்லை. மரபுக்கு மௌனத்தைக் கேட்கத் தெரிந்திருந்தது, ஆனால் அவளைக் கேட்கவில்லை. நவீனம் அவளைக் கேட்டது, மௌனத்தைக் கேட்கத் தெரியவில்லை.

இரண்டையும் சேர்க்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் ஒடிசாவில் இருக்கிறது. நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டம் பற்றி, மலைமக்களின் கிராமசபைகளே முடிவு சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வருஷம் ஜூலை, ஆகஸ்டில் 12 ஊர்களில் கிராமசபை கூடியது. மாவட்ட நீதிபதி ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். டோங்கிரியா கோந்து மக்கள் ஆணும் பெண்ணுமாக எழுந்து, தங்கள் பாஷையில், தங்களுக்குத் தோன்றியபடி நேரமெடுத்துப் பேசினார்கள். பன்னிரண்டு சபைகளும் மறுத்தன. அங்கே ஏகமனதாக என்ற சொல்லுக்கு அர்த்தம் இருந்தது. அவர்கள் நம் மலைக்காரர்களைவிடத் தைரியசாலிகள் என்பதல்ல விஷயம். பல வருஷப் போராட்டம் அவர்கள் பின்னால் இருந்தது. கேட்டவன் வேறு, எழுதியவன் வேறு, லாபம் அடைகிறவன் வேறு என்று பிரிந்திருந்தது. முடியாது என்பதும் ஒரு பதிலாக இருக்கக்கூடிய விதத்தில் கேள்வி கேட்கப்பட்டது. எங்கள் புளியமரத்தடியில் கேள்வியே வேறு மாதிரி. ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள்; சம்மதமா என்று கேட்கவில்லை. முதல் கேள்வியில் மௌனம் ஜெயிக்கிறது, இரண்டாவதில் மௌனம் தோற்கிறது. ஒரு வார்த்தை வித்தியாசம்.

நியமகிரிக்குத் துணை நின்ற 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் ஜவ்வாது மலைக்கும் உரியதுதான். அதன் விதிகள் 2012-இல் திருத்தப்பட்டபோது, சபையில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்று வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 2008-லிருந்து 2016 வரை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பட்டா வழங்க முடியாமல் அந்தச் சட்டம் முடங்கிக் கிடந்தது. பழங்குடிப் பகுதிகளின் கிராமசபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996-ஆம் வருஷத்துச் சட்டமோ ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை.

அந்த இடைவெளியில்தான் 2015 ஏப்ரல் 7 வந்தது. சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 தமிழர்கள் ஆந்திரப் போலீசாரால் சுடப்பட்டார்கள். மோதல் என்றது போலீஸ்; மனித உரிமை அமைப்புகள் மறுத்தன. இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைக்காரர்கள். அந்த இரண்டு வாரம் எல்லாப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் மலையேறின. ஏன் போனார்கள் என்று நாடே விவாதித்தது. விவாதம் அவர்களைப் பற்றி, அவர்களோடு அல்ல. இறந்தவனிடம் கேட்க முடியாது; இருந்தவர்களிடம் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த மௌனத்தை வைத்து, தெரிந்தேதான் போனார்கள் என்று ஒரு சாராரும், ஒன்றும் தெரியாத அப்பாவிகள் என்று மறுசாராரும் அவரவர் உரையை எழுதிக்கொண்டார்கள்.

6

இதுவரை எழுதியதைப் படிக்கும் நண்பர்கள், எழுத்தாளனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அதற்குத்தான் வருகிறேன்.

1975 ஜூனில் அவசரநிலை வந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. நாலு நண்பர்கள் சேர்ந்து முன்னூறு பிரதி அடிக்கும் ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். தணிக்கை வந்த அந்த வாரத்தில் இந்தியன் எக்ஸ்பிரஸ் தன் தலையங்க இடத்தை வெற்றாக விட்டு அச்சிட்டது. நாங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பிரமித்தோம். பிறகு எங்கள் அடுத்த இதழைக் கொண்டுவந்தோம். இரண்டு மொழிபெயர்ப்புக் கவிதைகள், படிமம் பற்றி ஒரு கட்டுரை. அவசரநிலை பற்றி ஒரு வரி இல்லை. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 வரை தி.மு.க. ஆட்சி இருந்ததால் இங்கே நெருக்கடி அவ்வளவாகத் தெரியவில்லை என்று ஒரு சமாதானம் இருந்தது. அதற்குப் பிறகும் நாங்கள் எழுதவில்லை. எங்கள் மௌனம் ஒருவகை எதிர்ப்பு என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். கலைஞன் அரசியலின் பாஷையைப் பேச மறுப்பதே எதிர்ப்பு என்று நான் ஒரு கடிதத்தில் எழுதியதாகக்கூட ஞாபகம்.

இன்று பார்த்தால், வெற்றிடமும் மௌனம், எங்கள் இதழும் மௌனம். ஆனால் வெற்றிடம் தன்னை வெற்றிடமாகக் காட்டியது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதிக்கொள் என்றது. எங்கள் இதழ் அந்த இடத்தைப் படிமத்தால் நிரப்பி, ஒன்றும் நேரவில்லை என்றது. அந்த அம்மாள் செய்தது பத்திரிகையின் வெற்றிடம் செய்ததை. நான் இரண்டு முறையும் மறுபக்கத்தில் இருந்திருக்கிறேன். ஒரு முறை என் மௌனத்தை நிரப்பி மறைத்தேன். இன்னொரு முறை அவளுடையதை.

ஆக எனக்குத் தோன்றுவது இது. மௌனம் சம்மதம் என்ற பழமொழி முழுப் பொய் அல்ல. அது யாரைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்பதில்தான் பொய்யும் மெய்யும். பேசும் வசதியும் மேடையும் அச்சும் உள்ளவன், பேசினால் இழக்கப்போவது கொஞ்சம் என்ற நிலையில் உள்ளவன், பேசாமலிருந்தால் அது சம்மதம்தான். அவனுக்குள் என்ன எதிர்ப்பு ஓடியது என்பது அவன் சொந்த விஷயம். உலகத்தின் கணக்கில் அது சம்மதம். 1975-இல் எங்களுடையது சம்மதம். சென்ற மாதம் அரங்கத்தில் நண்பர் மனம் நோகக்கூடாதென்று நான் கைதட்டியதும் சம்மதம். பேசினால் பென்ஷனையும் வழியையும் அண்டை வீட்டையும் இழக்க வேண்டியவளின் மௌனம் சம்மதம் அல்ல. அதைச் சம்மதம் என்று எழுதுகிறவன் பொய் எழுதுகிறான். நாம் நேர்மாறாகச் செய்துகொண்டிருக்கிறோம். பலவானின் மௌனத்துக்கு ஆழம், நிதானம், எதிர்ப்பு என்று ஆயிரம் அர்த்தம் தேடுகிறோம். பலவீனனின் மௌனத்துக்கு ஒரே அர்த்தம் வைத்திருக்கிறோம்.

இதற்கு நிவாரணம் என்று பெரிதாக ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆட்சேபணை உண்டா என்பதற்குப் பதிலாகச் சம்மதமா என்று கேட்கலாம். பாதிக்கப்படப் போகிறவர்கள் வாய் திறக்காத தீர்மானத்தை அடுத்த சபைக்குத் தள்ளிவைக்கலாம். தீர்மானப் புத்தகத்தில், வந்திருந்து பேசாதவர்கள் என்று ஒரு பத்தி விடலாம். இவை சின்ன விஷயங்கள். கிராமசபை வேண்டுமென்றாலே ஊராட்சி வேண்டும். 2016-லிருந்து 2019 வரை தமிழ்நாட்டு ஊராட்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லாமல் தனி அலுவலர்களிடம் இருந்தன, 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் மறுபடி அந்த நிலை வந்தது. அப்போதும் யாரும் பெரிதாக ஆட்சேபிக்கவில்லை. அதற்கும் நாம் சம்மதித்ததாகவே எழுதப்பட்டிருக்கும்.

போன வருஷம் தை மாதத்தில் அந்த மலைக்குப் போனேன். சமுதாயக்கூடம் நிற்கிறது. மஞ்சள் சுண்ணாம்பு, கம்பிக் கதவு, பூட்டு. வருஷத்தில் நாலைந்து கல்யாணம் நடக்கும் என்றார்கள். மழைக்கு உதவும் என்றார்கள். கெட்ட கட்டிடம் என்று சொல்ல மனமில்லை. சாமையைத் தார் ரோட்டில் பரப்பியிருந்தார்கள். நான் ஏறி வந்த பஸ் அதன்மேல் ஏறித்தான் வந்தது. கதிர் பிரிவதற்கு அது வசதி என்று ஒரு பையன் சொன்னான். கல்லும் தாரும் கலந்துவிடுகிறது என்று அவன் அம்மா சொன்னாள். அந்த வயதான அம்மாள் போய்ச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது.

தீர்மானப் புத்தகம் ஏதாவது அலமாரியில் இருக்கும். என் கையெழுத்து நன்றாகவே இருக்கும். அதை இனித் திருத்த முடியாது. அதனால் அவள் சொன்னதை, சொன்னபடி, இந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன்: ஐந்தாவது தீர்மானத்தின்போது அந்த ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.